தகரமும் குரலும்
ராத்திரி தூக்கம் வரல. டெஸ்ட் டிபார்ட்மென்ட் கேட்டுட்டு இருந்தேன். 1981ல லண்டன் நியூ கிராஸ்ல கிளம்பின இசைக்குழு. கிடார் கிடையாது, பழைய இரும்புக் கடையில கிடைக்கிற பீப்பாய், ஸ்பிரிங், தகடுதான் வாத்தியம். வியர்க்க வியர்க்க அடிப்பாங்க.

பிரிட்டன் பிரதமர் தாட்சரோட அரசு நிலக்கரிச் சுரங்கங்களை மூடக் கிளம்பினதால, 1984-85ல தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணாங்கல்ல? அப்போ வேலைநிறுத்தத்துல இருந்த சவுத் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளோட பாடகர் குழுவைச் சேர்த்துக்கிட்டு 'ஷோல்டர் டு ஷோல்டர்' ஆல்பம் போட்டாங்க. ஒரு பக்கம் தகர இடி. இன்னொரு பக்கம் தேவாலயத்துல நிக்கிற மாதிரி கனத்த ஆண்குரல்கள். ஒட்டவே ஒட்டாதுன்னுதான் நினைச்சேன். அந்தக் குரல்கள் வந்ததும் எழுந்து உக்காந்துட்டேன்.

அரசியல் பேசுற பாட்டு நிறைய கேட்டிருக்கேன். போராடுறவங்களையே பாட வெச்சது இவங்கதான் எனக்குத் தெரிஞ்சு. (ஹெட்போன் போட்டுக் கேளுங்க, வீட்டுல திட்டு விழும்.)