இல்லினாய் புல்வெளியில் ஓர் உடலுழைப்புக் கல்லூரி: கிரயப் பத்திரம் முதல் கணக்குப் புத்தகம் வரை

மாணவர்கள் வேலை செய்து தம் செலவை ஈடுகட்டிக்கொண்டே படிக்கும் உடலுழைப்புப் பள்ளிகள் 1830களில் அமெரிக்காவின் மேற்கு எல்லையில் எழுந்தன. அவற்றைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றின் இலட்சியங்களோடு நின்றுவிடுகிறார்கள். நான் அவற்றைக் கணக்கு வழியே பின்தொடர்ந்து வருகிறேன். யார் பணம் போட்டார்கள், நிலம் எந்த விலைக்கு வந்து எந்த விலைக்குப் போனது, மாணவன் பிளந்த விறகுக்கு எப்படி வரவு வைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், இந்தப் பள்ளிகளை நிற்க வைத்தது நில விற்பனைதான் என்பது தெரிகிறது. உழைப்பு, கையில் காசில்லாத இளைஞர்களை வாசல்வரை அழைத்து வந்தது. அந்த உழைப்பே பள்ளியையும் நடத்திவிடும் என்று நம்பிய இடங்களில் கடன் ஏறியது.

இல்லினாய் மாநிலத்து நாக்ஸ் உடலுழைப்புக் கல்லூரியை மையமாக வைத்து, நிறுவியவர்கள் கடந்த படிகளை அதே வரிசையில் சொல்கிறேன். ஒஹாயோவின் ஓபர்லினை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் முன்னோடி நியூயார்க் மாநிலத்தின் வைட்ஸ்பரோவில் 1827இல் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் தொடங்கிய ஒனைடா நிலையம். அதற்கு முன்பே அவர் தம் பண்ணையில் சில இளைஞர்களைச் சேர்த்து, வயல் வேலைக்கு ஈடாகப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்திருந்தார். தினமும் சில மணி நேரம் வேலை, மிச்ச நேரம் படிப்பு, வேலையின் மதிப்பு சாப்பாட்டுச் செலவில் கழியும். சுவிட்சர்லாந்தின் ஹோஃப்வில்லில் ஃபெல்லன்பர்க் நடத்திய பள்ளி இதற்கு அறியப்பட்ட முன்மாதிரி. உட்கார்ந்தே படித்து உடல் கெட்டுப்போகும் மாணவர்களைப் பற்றிய கவலையும் அக்காலத்தில் பெரிதாக இருந்தது. இந்த முறையைப் பரப்பவென்றே 1831இல் நியூயார்க்கில் ஒரு சங்கம் தோன்றியது. ஒனைடாவில் படித்த தியடோர் வெல்ட் அதன் முகவராக ஊர் ஊராகப் போனார்.

ஒனைடாவை விட்டு வந்த கேல், மேற்கே புதிதாக ஒரு கல்லூரி அமைக்கத் திட்டம் எழுதினார். அந்தத் திட்டத்தின் உயிர் அதன் கணக்கில் இருக்கிறது. அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1.25 டாலர். நன்கொடையாளர்களும் குடியேற விரும்பும் குடும்பங்களும் சேர்ந்து 40,000 டாலர் திரட்டி, ஒரே தொகுப்பாக நிலம் வாங்க வேண்டும். நடுவில் ஊருக்கும் கல்லூரிக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஏக்கர் சராசரி 5 டாலருக்குக் குடியேறுகிறவர்களுக்கே விற்க வேண்டும். 80 ஏக்கர் வாங்கும் குடும்பம் 400 டாலர் கொடுக்கும். அதில் அடக்க விலை 100, கல்லூரிக்கு நிற்பது 300. கூடுதலாகக் கொடுத்ததற்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு 25 ஆண்டுகள் ஒரு மாணவருக்கான இலவசப் படிப்புரிமை. பக்கத்தில் கல்லூரி இருப்பதாலேயே நிலத்தின் மதிப்பு உயரும் என்பதால் வாங்குபவருக்கும் நட்டமில்லை. நேர்மையான, நன்றாக யோசித்த ஏற்பாடு. ஆனால் படிப்புக் கட்டணம் என்ற வருமானத்தை 25 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே விற்றுவிடுகிறது என்ற குறை அதற்குள்ளேயே இருந்தது. நிலம் விற்ற பணம் தீர்ந்த பிறகு ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வரும்?

அடுத்தது இடம் பார்த்தல். 1835இல் ஒரு குழு மேற்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்னொரு குழு போய் நாக்ஸ் கவுண்டியில் 10,000 ஏக்கருக்கு மேல் வாங்கியது. எதிர்பார்த்த முழுத் தொகையும் சேராததால் கடனும் வாங்க வேண்டியிருந்தது. நல்ல மண், நீர், விறகுக்கும் வேலிக்கும் எட்டும் தூரத்தில் காடு, காய்ச்சல் இல்லாத மேட்டு நிலம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒட்டினாற்போல் ஒரே தொகுப்பு என்று இத்தனையும் பார்க்க வேண்டும். கடைசியது அங்கே எளிதல்ல. மிசிசிப்பிக்கும் இல்லினாய் ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில் ஏறத்தாழ 35 லட்சம் ஏக்கர், பிரிட்டனுக்கு எதிரான 1812 போரில் சேவை செய்த வீரர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் வீதம் ஒதுக்கப்பட்டிருந்தது. பல வீரர்கள் நிலத்தைக் கண்ணால் பார்க்காமலே தரகர்களுக்கு விற்றார்கள். வரி கட்டாத துண்டுகள் ஏலத்துக்குப் போயின. அதனால் ஒரே துண்டுக்கு இரண்டு பேர் பத்திரத்தோடு நிற்பது நடந்தது. வாங்குகிறவர் அரசு நில அலுவலகப் பதிவேட்டையும், வீரரின் மூலப்பத்திரத்தையும், கவுண்டியின் வரி ஏலப் பதிவையும் ஒத்துப் பார்த்து வில்லங்கம் தீர்க்க வேண்டும். அந்த மண் அதற்கு முன் சாக், மெஸ்குவாக்கி மக்களுடையது. சாக் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிராக 1832இல் நடந்த போருக்குப் பிறகே குடியேற்றம் வேகம் பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏக்கர் 1.25 டாலருக்குக் கிடைத்ததன் பின்னணி அது.

குடும்பங்கள் 1836இல் வந்தன. ஊர் அமையவிருந்த புல்வெளியில் மரக்கட்டைக் குடிசை போடக் கூடாது, அறுத்த பலகையால் முறையான வீடுதான் கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே சில மைல் தள்ளி, ஹெண்டர்சன் தோப்பின் ஓரத்தில் தற்காலிகக் குடிசைகள் போட்டுத் தங்கினார்கள். அந்தக் குடியிருப்புக்குக் கட்டைக் குடிசை நகரம் என்றே பெயர். கேல்ஸ்பர்க் என்று பெயர் பெற்ற அந்தப் புதிய ஊரின் மனைகளுக்கான கிரயப் பத்திரத்தில் மது விற்பனைக்குத் தடை எழுதப்பட்டது; மீறினால் மனை கல்லூரிக்கே திரும்பும். பயணத்தில் பெரிய இழப்பும் உண்டு. ஒரு கூட்டம் சொந்தமாகப் படகு வாங்கி, கால்வாய்களிலும் ஆறுகளிலுமாகக் கோடையில் சுற்றி வந்தது. வழியில் காய்ச்சல் பிடித்து, படகை முன்னின்று நடத்தியவர் உட்படச் சிலர் இறந்தார்கள். வண்டி கட்டித் தரைவழியே வந்தவர்களுக்கு இவ்வளவு கேடு நேரவில்லை. தேங்கிய நீரும் கொசுவும் கொண்ட ஆற்றங்கரைகளைக் கோடையில் மெதுவாகக் கடந்ததே காரணம். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு அப்போது யாருக்கும் தெரியாது.

கல்லூரியைச் சட்டப்படி ஓர் அமைப்பாக ஏற்கும் சாசனத்தைப் பெறுவது தனிப் போராட்டம். சாசனம் இல்லாவிட்டால் நிலம் தனியாள் பெயரில்தான் நிற்கும்; அவர் இறந்தால் வாரிசுகளோடு வழக்கு. பட்டமும் வழங்க முடியாது. இல்லினாய் சட்டமன்றத்துக்கு மதக் கல்லூரிகள்மீது ஐயம் இருந்தது. 1835இல் நான்கு கல்லூரிகளுக்குச் சாசனம் கொடுத்தபோது, இறையியல் துறை வைக்கக் கூடாது, 640 ஏக்கருக்கு மேல் நிலையாக நிலம் வைத்திருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. மிச்ச நிலத்தை விற்பதையே வழியாகக் கொண்ட கேல் திட்டத்துக்கு இத்தகைய வரம்பு பெரிய இடையூறு அல்ல. நிலத்தை வைத்துக் குத்தகை வாங்க நினைத்தவர்களுக்கே அது இடித்தது. நாக்ஸுக்கு 1837 பிப்ரவரி 15 அன்று சாசனம் கிடைத்தது. 1838இல் கல்லூரிப் படிப்புக்குத் தயார்செய்யும் கீழ்நிலைப் பள்ளி தொடங்கியது. முதல் தலைவர் ஹைரம் கெல்லாக் 1841இல் பொறுப்பேற்றார்.

உழைப்பு நடைமுறைக்கு வருவோம். இலட்சியம் இடித்த இடம் இதுதான்.

ஓபர்லின் 1833இல் திறந்தபோது நாளுக்கு 4 மணி நேர வேலை என்று வைத்தார்கள். பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வேலை செய்த நேரத்தை மாணவர் பெயரில் எழுதி, மணிக்குச் சில சென்ட் வீதம் வரவு வைத்துச் சாப்பாட்டுக் கணக்கில் கழிப்பார்கள். தாளில் இது சரியாக வரும். வயலில் வராது. புல்வெளி மண்ணை முதல்முறை உடைக்க, 3 முதல் 6 சோடி எருதுகள் பூட்டிய பெருங்கலப்பை வேண்டும். மே, ஜூன் மாதங்களில் பகல் முழுதும் ஓட்டினால்தான் வேலை ஆகும். காலையில் 3 மணி நேரம் உழுதுவிட்டு கிரேக்கப் பாடத்துக்குப் போகும் பையனை நம்பி எருது பூட்ட முடியாது.

வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமான 40 ஏக்கர் வயலைச் சுற்றி வர சரியாக 1 மைல். அப்போதைய வழக்கப்படி வளைந்து வளைந்து அடுக்கும் மரவேலிக்கு ஒரு மைலுக்கு 6,000 பிளந்த கம்புகளுக்கு மேல் வேண்டும். பழகிய கை ஒரு முழு நாளில் 100 கம்பு பிளக்கும். 10 மணி நேர நாளாகக் கொண்டால் மொத்தம் 600 மணி நேரம். நாளுக்கு 3 மணி வேலை பார்க்கும் மாணவருக்கு அது 200 நாள். அதுவும் அவர் கோடரி பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால். காட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வருவதும் அடுக்குவதும் இதில் சேரவில்லை. வேலைக்குப் போய்வரும் நேரம், கருவி எடுத்து வைக்கும் நேரம், உடைந்த கைப்பிடி, மழுங்கிய வெட்டு, எல்லாவற்றையும் கவனிக்கும் மேற்பார்வையாளரின் முழுச் சம்பளம் ஆகியவையும் பள்ளியின் தலையில் விழும். ஒருவர் வேலை பழகி முடிக்கும்போது அவர் படிப்பும் முடிந்திருக்கும்.

பருவக்கணக்கும் எதிராகவே இருந்தது. வயலுக்கு ஆள் வேண்டிய கோடையில் மாணவர் விடுமுறைக்குப் போவார். குளிரில் எல்லோரும் இருப்பார்கள், விறகு பிளப்பதைத் தவிர வேலை இருக்காது. ஓபர்லின் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. நீண்ட விடுமுறையைக் குளிர்காலத்துக்கு மாற்றியது. அந்த மாதங்களில் மாணவர்கள் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் போய்ப் பணம் சம்பாதித்தார்கள். என் கணிப்பில், அந்த நிலையத்தின் எந்தப் பண்ணைத் திட்டத்தைவிடவும் ஏழை மாணவருக்கு உதவியது இதுதான்.

மற்ற முயற்சிகள் பெரும்பாலும் கைகூடவில்லை. ஓபர்லினில் நீராவி எந்திரம் வைத்து மரம் அறுக்கும் மில் போட்டார்கள்; நட்டத்தில் கைமாறியது. பட்டுப்புழு வளர்க்க மல்பெரிக் கன்றுகள் நட்டார்கள், பட்டு வரவில்லை. ஓபர்லினின் நிலம் நீர் வடியாத களிமண். 500 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக எடுத்த இடம் அது; வடிகால் வெட்டுவதிலேயே உழைப்பு போயிற்று. சின்சினாட்டியின் லேன் செமினரி என்ற இறையியல் பள்ளி அச்சுக்கூடம் வைத்து எழுத்துக்கூட்டல் பயிற்சி நூல்கள் அச்சிட்டது. கூரைக்குக் கீழே நடக்கும், பருவம் பாராத, வாங்க ஆள் உள்ள வேலை பண்ணையைவிடப் பொருந்தியது.

பெண்களின் வேலையை யாரும் தோல்வி என்று எழுதவில்லை. ஓபர்லின் தொடக்கத்திலிருந்தே பெண்களைச் சேர்த்தது பெருமைக்குரியது. ஆனால் சமையல், துவையல், தைத்தல், துடைத்தல் எல்லாம் அவர்கள் பங்கு. ஆண்களின் துணிகளையும் துவைக்க வேண்டும் என்பதற்காகவே திங்கட்கிழமை பெண்களுக்கு வகுப்பு இல்லை. நாள் தவறாமல் நிறைவேறி, பள்ளிக்கு உண்மையில் செலவு மிச்சம் செய்த உழைப்பு அவர்களுடையதே.

நிர்வாகத்தில் அடிக்கடி வெடித்தது, அறங்காவலர் குழுவுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே எல்லை எங்கே என்ற பிரச்சினை. லேன் செமினரியில் 1834இல் மாணவர்கள் அடிமைமுறை பற்றி 18 இரவுகள் விவாதித்தார்கள். அறங்காவலர்கள் அத்தகைய பேச்சைத் தடுக்க, மாணவர்களில் பெரும்பகுதியினர் வெளியேறினார்கள். அவர்களில் பலர் 1835இல் ஓபர்லினுக்கு வந்தார்கள். அங்கே ஆசிரியராக வரச் சம்மதித்த போதகர் சார்லஸ் ஃபின்னி, உள்நிர்வாகத்தில் அறங்காவலர்கள் தலையிடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது பற்றிய வாக்கெடுப்பு சரிசமமாக நிற்க, அறங்காவலர் குழுத் தலைவர் ஜான் கீப்பின் வாக்கில்தான் நிறைவேறியது. ஒரு வாக்கு மாறியிருந்தால் அந்தக் கல்லூரியின் வரலாறே வேறு.

நாக்ஸில் சண்டை வேறு வடிவம் எடுத்தது. பிரெஸ்பிட்டேரியன்கள், காங்கிரிகேஷனல் சபையினர் என்ற இரு புராட்டஸ்டன்ட் பிரிவினரும் சேர்ந்து அமைத்த ஊர் அது. கல்லூரி எந்தச் சபைக்கு உரியது என்பதில் தெளிவில்லை. காலியாகும் இடத்தை அறங்காவலர் குழுவே நிரப்பும் என்பதால், ஒவ்வொரு நியமனமும் தேர்தல் போல ஆயிற்று. 1857இல் கல்லூரித் தலைவர் ஜோனதன் பிளாஞ்சர்டும் நிறுவனர் கேலும் மோதி, இருவருமே விலக நேர்ந்தது.

‘உடலுழைப்புப் பள்ளி’ என்ற பெயரைத் தேடும்போது வேறு வகைப் பள்ளிகளும் எதிர்ப்படும். கன்சாஸில் 1839இல் மெதடிஸ்ட் போதகர் தாமஸ் ஜான்சன் நடத்திய ஷானி மிஷன் உடலுழைப்புப் பள்ளி பழங்குடிப் பிள்ளைகளுக்கானது. ஆங்கிலமும் பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் கற்பித்து அவர்களைத் தம் வாழ்முறையிலிருந்து பிரிப்பதே அதன் நோக்கம். ஜான்சன் அடிமைகளை வைத்திருந்தவர். தன் படிப்புக்காகத் தானே உழைக்கும் ஒனைடா மாணவரையும் இந்தப் பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது.

கடைசியாகப் பணம். 1837 மே மாதம் நிதி நெருக்கடியில் நியூயார்க் வணிகர் ஆர்தர் டாப்பன் பணம் கொடுப்பதை நிறுத்த, அவரது வாக்குறுதியை நம்பி ஆசிரியர்களை அமர்த்திய ஓபர்லின் தவித்தது. 1839இல் இருவரை இங்கிலாந்துக்கு அனுப்பி ஏறத்தாழ 30,000 டாலர் திரட்டியே மீண்டது. ஆனாலும் பாடம் முழுதும் பதியவில்லை. 1850 வாக்கில் 25 டாலருக்கு 6 ஆண்டு, 50க்கு 18 ஆண்டு, 100க்கு நிரந்தரம் என்று படிப்புரிமைகளை விற்றது. கையில் பணம் வந்தது, கட்டண வருமானம் போயிற்று.

நாக்ஸும் நெருக்கடியில் திணறியது. நிலம் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள். ஆனால் கல்லூரியிடம் விற்காத நிலம் மிச்சம் இருந்தது. 1854இல் ரயில் கேல்ஸ்பர்க்குக்கு வந்ததும் அதன் விலை ஏறியது. கேல் தாளில் போட்ட கணக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பலித்தது. 1857இல் கல்லூரியின் பெயரிலிருந்து ‘உடலுழைப்பு’ என்ற சொல் சட்டப்படி நீங்கியது. அதற்கு வெகு முன்பே மாணவர்களின் கட்டாய வேலை அங்கே கைவிடப்பட்டிருந்தது.