ஊரே நடுவராகும் பருவம்

சிட்னியில் குளிர் தொடங்கும் நாட்களில் அங்கே செல்பவர்கள், ஓபரா ஹவுஸையும் துறைமுகப் பாலத்தையும் பார்த்த கையோடு, ஆர்ட் கேலரி ஆஃப் நியூ சவுத் வேல்ஸுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிட வேண்டும். ஆர்ச்சிபால்ட் என்ற ஓவியப் பரிசுக்கான உருவப்படங்கள் சுவரில் ஏறும் பருவம் அது. அந்தக் கலைக்கூடம் எவ்வளவு தூரம் ஊராருக்குச் சொந்தம் என்பதை நான் அப்போதுதான் கண்ணாரக் கண்டேன்.

செயின்ட் ஜேம்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, டொமைன் பூங்கா வழியாகச் சற்று நடந்தால் மணற்கல் கட்டடம் எதிர்ப்படுகிறது. அதன் வெளிச்சுவரில் மைக்கலாஞ்சலோ, ரஃபேல் போன்ற ஐரோப்பிய மேதைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளேயோ உள்ளூர் முகங்கள். நடிகர்கள், அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள் ஆகியோரோடு, ஓவியர்கள் தம்மைத் தாமே வரைந்துகொண்ட படங்களும் நெருக்கமாகத் தொங்குகின்றன. பத்திரிகையாசிரியர் ஜே. எஃப். ஆர்ச்சிபால்ட் விட்டுச்சென்ற பணத்தில் 1921இல் தொடங்கிய இந்தப் பரிசின் மதிப்பு இன்று 1 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். வரையப்படுபவர் ஓவியருக்கு முன்னால் நேரில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

பரிசை முடிவு செய்பவர்கள் கூடத்தின் அறங்காவலர்கள்தான். ஆனால் அவர்களுடைய தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. போட்டிக்கு வரும் படங்களைப் பெற்று, பிரித்து, சுவரில் மாட்டும் ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றுக்கு 'பேக்கிங் ரூம் பரிசு' கொடுக்கிறார்கள். பார்க்க வருபவர்கள் வாக்களித்து மக்கள் விருப்பப் பரிசைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் நின்றிருந்த இடத்தில், ஒரு மூதாட்டி தன் பேரனிடம் ஒரு படத்தைக் காட்டி, "கண் சரியாக வந்திருக்கிறது, வாய்தான் அவருடையது இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத இன்னொருவரும் அந்த வாதத்தில் கலந்துகொண்டார். ஓவியத்தின் முன் வாயடைத்து நிற்க வேண்டும் என்ற கூச்சம் அங்கே யாருக்கும் இல்லை, அதுவே எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த வாதம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 1943ஆம் ஆண்டுப் பரிசு, வில்லியம் டோபெல் வரைந்த சக ஓவியர் ஜோஷுவா ஸ்மித்தின் படத்துக்குக் கிடைத்தது. அது உருவப்படமே அல்ல, கேலிச்சித்திரம் என்று போட்டியில் தோற்ற இரு ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். டோபெலுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. இதைவிட என்னை நெகிழ வைத்தது வேறொரு வரலாறு. 1956இல் வில்லியம் டார்கி என்ற வெள்ளையர் பரிசு பெற்றது, பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் உருவத்தை வரைந்ததற்காக. 2020இல் அதே ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர் ஆடம் குட்ஸுடன் தானும் நிற்பதாக வரைந்து, இந்தப் பரிசை வென்ற முதல் பழங்குடி ஓவியர் ஆனார். பிறர் வரைய அமர்ந்திருந்த குடும்பம் தூரிகையைத் தன் கையில் எடுக்க 64 ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஆல்பர்ட்டே பெரும் ஓவியர். அந்தக் கூடத்தின் பரிசு மேடைக்கு வரத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

குழந்தைகளுக்கென 2013 முதல் 'யங் ஆர்ச்சி' போட்டியும் நடக்கிறது. 5 முதல் 18 வயது வரையிலானவர்கள், தங்கள் வாழ்வில் முக்கியமான ஒருவரை வரைந்து அனுப்புகிறார்கள். பாட்டி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் எனப் புகழ் எதுவும் இல்லாத மனிதர்கள் அங்கே படச்சட்டத்துக்குள் அமர்ந்திருக்கிறார்கள். பெரியவர்களின் படங்களைவிட இவற்றின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். கோடையின் பிற்பகுதியில் வருபவர்கள், பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் படைப்புகள் இடம்பெறும் 'ஆர்ட் எக்ஸ்பிரஸ்' கண்காட்சியைத் தவறவிட வேண்டாம்.

நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆர்ச்சிபால்டுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். புதன்கிழமைகளில் இரவு 10 மணி வரை திறந்திருப்பதால், வேலை முடிந்து வருபவர்களின் கூட்டம் அன்று கலகலப்பாக இருக்கும். 2022இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் அடியில், இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்த் தொட்டி ஒன்று காட்சிக்கூடமாகியிருக்கிறது. அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிட்னிக் காட்சி முடிந்த பிறகு, இறுதிச் சுற்றுக்கு வந்த ஆர்ச்சிபால்ட் ஓவியங்கள் வெளியூர்க் கலைக்கூடங்களுக்கும் பயணமாகின்றன. சிட்னிக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஊரிலேயே அவற்றைப் பார்த்து, தங்கள் பங்குக்கு வாதம் செய்துகொள்ளலாம்.