நாசில் கணக்கில் கோட்டை விட்ட கதை

இரண்டாம் வருடம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவன் நான், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் தகுதி உண்டு. ஓடும் திரவத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் நாசிலை, அதாவது குழாய் முனையில் மாட்டும் குறுகலான வாயை, குழாயோடு பிடித்து வைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

பெர்னூலி அழுத்தம் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், விசைக்கு உந்தச் சமன்பாட்டுக்கு (நிறை பெருக்கல் வேகம் எவ்வளவு மாறுகிறதோ அதிலிருந்து விசையைத் தருவது) போக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே ஒரு செமஸ்டர் ஆனது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். குழாய் விட்டம் 4 செ.மீ, நாசில் வாய் 2 செ.மீ, உள்ளே வரும் தண்ணீரின் வேகம் 5 மீ/வி. பரப்பு நாலில் ஒன்றாகிறது, அப்படியென்றால் வெளியே 20 மீ/வி. பெர்னூலிப்படி உள்ளே கேஜ் அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இருப்பது, 187.5 கிலோபாஸ்கல். இதைக் குழாயின் பரப்பால் பெருக்கினால் சுமார் 236 நியூட்டன். விநாடிக்கு 6.28 கிலோ தண்ணீர் 15 மீ/வி கூடுதல் வேகம் பெறுகிறது, அதற்குச் செலவாவது 94 நியூட்டன். இரண்டையும் கழித்தால் 142 நியூட்டன் வருகிறதே, அதுதான் விடை.

நான் பரீட்சையில் 94 என்று எழுதிவிட்டு வந்தேன், அதுவும் நாசில் பின்னால் உதைக்கும் என்று அம்புக்குறி வேறு போட்டு! உண்மையில் நாசில் முன்னால் பிய்த்துக்கொண்டு போகத்தான் பார்க்கும். வீட்டில் மோட்டார் பைப்பில் கிளாம்ப் போடாமல் நாசிலைச் சொருகி வைத்தபோது அது தென்னை மரத்தடி வரை பறந்து போய் விழுந்தது, அதைப் பார்த்த பிறகுதான் திசை எனக்கு மனதில் நின்றது.

அப்புறம் கேஜ் அழுத்தம். நுழைவாயில் மட்டும் தனி அழுத்தத்தை (காற்றழுத்தத்தையும் சேர்த்த மொத்தத்தை) போட்டுவிட்டு, சுற்றிலும் வெளியே இருந்து அழுத்தும் காற்றை மறந்தால் 127 நியூட்டன் சும்மா ஏறிவிடும். கேஜிலேயே போங்கள், தொல்லை இல்லை. கன்ட்ரோல் வால்யூமை, அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பகுதியின் எல்லையை, புள்ளிக்கோட்டில் வரையாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள், படத்துக்கே மதிப்பெண் உண்டு.

சிரிஞ்சு கணக்கு இதைவிட எளிது, பிஸ்டனை மெதுவாகத் தள்ளினால் அழுத்தம் பெருக்கல் பரப்பு, அவ்வளவுதான். ஆனால் நிஜ ஊசி ரொம்ப மெல்லியது, அதில் பாகுத்தன்மைதான் (திரவத்தின் உள் உராய்வுதான்) ராஜா, பெர்னூலி போட்டால் விசை மிகக் குறைவாக வரும். கேள்வியில் உராய்வைப் புறக்கணிக்கச் சொல்லியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.