டிசர்டேஷனுக்காகக் கடைவாய்ப் பல் உடைக்கப் போகிறவர்களுக்கு

அடைத்த கடைவாய்ப் பல் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வியை எடுக்காத எம்.டி.எஸ். கன்சர்வேட்டிவ் (பல் அடைப்பு, வேர் சிகிச்சைக்கான மேற்படிப்பு) பேட்ச் இல்லை என்றே சொல்லலாம். எனக்கு அமைந்தது ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை) செய்த கீழ்க் கடைவாய்ப் பல். எம்.ஓ.டி. கேவிட்டி (மெல்லும் பரப்போடு முன்பக்கமும் பின்பக்கமும் திறந்த குழி) போட்டு, சாதாரண காம்போசிட் (பல் நிற அடைப்புப் பொருள்), பல்க் ஃபில் (ஒரே தடவையில் தடிமனாக அடைக்கும் காம்போசிட்), ஃபைபர் கலந்த காம்போசிட் என்று அடைத்து, உடைத்துப் பார்ப்பது. போன வாரம் பைண்டிங் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸும் கைடு கையெழுத்தும் வழக்கம்போல நடந்தன. அதற்குப் பிறகு பட்டதை எல்லாம் அடுத்த பேட்ச் படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பல் கிடைப்பதுதான். பிரீமோலார் (முன்கடைவாய்ப் பல்) என்றால் கவலையே இல்லை, கிளிப் போட வரும் பிள்ளைகளுக்கு எடுப்பதே போதும். கடைவாய்ப் பல் அப்படி இல்லை. முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதில் முளைக்கிறது, சொத்தையும் பெரும்பாலும் அதில்தான் முதலில் விழுகிறது. எடுக்க வரும்போது மேல்பகுதி பாதிகூட இருக்காது. சொத்தை இல்லாமல் முழுசாகக் கிடைப்பது ஈறு நோயால் பல் ஆடிப்போய் வரும் பெரியவர்களிடம்தான். அதிலும் தேய்மானம், விரிசல் என்று பாதியைக் கழிக்க வேண்டும். ஞானப்பல் எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஒன்றைப்போல ஒன்று இருக்காது. வடிவமே ஆளுக்கு ஆள் மாறினால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஓரல் சர்ஜரி டிபார்ட்மென்ட்டில் ஜாடி வைத்து, லேபிள் ஒட்டி, எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். பல் ஆய்வுக்கான சர்வதேசத் தர ஆவணம் ஐ.எஸ்.ஓ. 11405 சொல்கிறபடி 0.5 சதவீத குளோரமின்-டி கரைசலில் அதிகபட்சம் ஒரு வாரம், அப்புறம் 4 டிகிரியில் தண்ணீரில். பொங்கல் விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பற்கள் காகிதத்தில் மடித்து, காய்ந்துபோய், மேஜை டிராயரில். யாரோ இடத்தைச் சுத்தம் செய்தார்களாம். காய்ந்த பல்லில் விரிசல் விழும், விரிசல் விழுந்த பல் இந்த ஆய்வுக்கு உதவாது. எவ்வளவு சொன்னாலும் எதிரே இருந்தவருக்கு அது புரியவில்லை. "பல்லு அப்படியேதானே இருக்கு டாக்டர்" என்றார். மாதக்கணக்கில் சேர்த்த பல், அத்தனையும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போனது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதன் பிறகு ஜாடியை அங்கே வைக்கவே இல்லை. சி.ஆர்.ஆர்.ஐ. (பயிற்சி டாக்டர்) பிள்ளைகளிடம் சின்ன டப்பாக்களாகக் கொடுத்து, அன்றன்றே வாங்கிக்கொண்டேன். வெளி கிளினிக்கில் சேர்த்து வைத்த பல் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எதில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஃபார்மலினில் கிடந்தது வேண்டாம், பல்லின் உள்ளடுக்கான டென்டினின் தன்மையே மாறியிருக்கும். எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்பதையும் கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியதை அதே ஐ.எஸ்.ஓ. ஏற்பதில்லை. விரிசல் பார்க்க லைட் கியூர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் போதாது, மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிடுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அலுவலகத்தில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு பல்லுக்கும் நோயாளியின் ஒப்புதல் படிவம் வேண்டும் என்று விண்ணப்பத்தையே வாங்க மறுத்தார்கள். பல் நோயாளியின் சிகிச்சைக்காக எடுக்கப்பட்டது, பெயரோ எண்ணோ அதில் இல்லை, யாருடையது என்று எனக்கே தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியில் இப்படி அடையாளம் நீக்கிய மிச்ச மாதிரிகளுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்க இடம் இருக்கிறது. விலக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது கமிட்டியின் முடிவு, கவுண்டரில் இருப்பவரின் முடிவு அல்ல. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, விலக்கு கோரும் கடிதத்தோடு சேர்த்து மெம்பர் செக்ரட்டரியிடமே நேரில் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் மறுபேச்சில்லாமல் அனுமதி வந்தது. விண்ணப்பத்தின் முதல் நாளிலேயே அந்தக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள்.

ஆர்.சி.டி., கேவிட்டி, அடைப்பு எல்லாம் நமக்குக் கைவந்த வேலை, அங்கே தடங்கல் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆர்.சி.டி. திறப்பு மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம் குறைக்கிறது, எம்.ஓ.டி. கேவிட்டி 63 சதவீதம் குறைக்கிறது என்று ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் 1989-ல் காட்டியதை எல்லோரும் முன்னுரையில் போடுகிறோம். இரண்டு பக்க மார்ஜினல் ரிட்ஜும் (பல்லின் முன், பின் ஓர மேடு) போய்விட்டால் கஸ்ப்கள் (மெல்லும் பரப்பின் மேட்டு முனைகள்) உத்திரம் எடுத்த சுவர்களாக நிற்கின்றன என்பது அதன் சாரம். ஆனால் அவர்கள் பார்த்தது மேல் பிரீமோலார். கடைவாய்ப் பல்லுக்கே அளந்து சொன்னதுபோல எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் டிபார்ட்மென்ட் பிரசன்டேஷனில் வந்த முதல் கேள்வியே அதுதான்.

வேரைச் சுற்றி மெழுகு பூசி, அக்ரிலிக்கில் பதித்து, மெழுகை எடுத்துவிட்டு லைட் பாடி சிலிகோன் (வேரைச் சுற்றிய சவ்வுக்குப் பதிலாக நிற்கும் அச்சுப்பொருள்) நிரப்புவது எல்லோரும் செய்வதுதான். அக்ரிலிக் இறுகும்போது வரும் சூட்டை மட்டும் கவனியுங்கள். கெட்டியாகத் தொடங்கியதும் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். அச்சுக்கு பி.வி.சி. பைப் துண்டு போதும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே உயரம், அடிப்பக்கம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாரம் ஒரு கஸ்ப் மேலேயே விழும்.

இனி மெஷின். ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போன் செய்து யு.டி.எம். (பொருளை அழுத்தியோ இழுத்தோ தாங்கும் பாரத்தை அளக்கும் மெஷின்) இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். பற்களை ஈரப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சிவில் லேபில் முறுக்குக் கம்பியை இழுத்து அறுக்கிற 400 கிலோ நியூட்டன் ஹைட்ராலிக் மெஷின் நின்றது. என் பற்கள் உடைவதோ சில ஆயிரம் நியூட்டனுக்குள். அந்த டயலில் என் குரூப்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரியவே தெரியாது. வேகத்தை நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று வைக்கவும் வழியில்லை, கையால் வால்வைத் திருப்புகிறார்கள். அப்படியே திரும்பி வந்தேன். யு.டி.எம். இருக்கிறதா என்று கேட்காதீர்கள். 5 அல்லது 10 கிலோ நியூட்டன் லோட் செல் (பாரம் அளக்கும் உணரி) இருக்கிறதா, கிராஸ்ஹெட் (மெஷினில் நகர்ந்து அழுத்தும் பாகம்) வேகம் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பரிசோதிக்கிற லேபில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்த லேபில், மனிதப் பல் என்றதும் உள்ளேயே விடவில்லை. கிருமி நீக்கம் செய்ததாகக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். போனில் பேசியபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு பயணம் வீண். கடிதம், எத்திக்ஸ் அனுமதி நகல், பில் யார் பெயரில் என்ற விவரம் மூன்றையும் முன்னதாகவே மெயிலில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அங்கே இருந்தது தட்டையான பிளேட் மட்டும். பல்லை அழுத்த 6 மில்லிமீட்டர் உருண்டையை பேரிங் கடையில் வாங்கி, மெஷினின் மேல் பிடிப்பை அளந்து, எங்கள் ஊர் லேத் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாரம் எங்க படணும், நடுவுலயா, சரிவுலயா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். உருண்டை கஸ்ப்களின் உட்சரிவில் இரண்டு பக்கமும் படவேண்டும். பல் பதித்த கட்டை நகராமல் இருக்க மூன்று திருகு வைத்த வளையம் ஒன்றும் அவராகவே செய்து தந்தார். இந்த வேலையில் மனம் குளிர்ந்த இடம் அந்தப் பட்டறைதான்.

உடைக்கிற அன்று நடந்ததுதான் மிக முக்கியம். ஆப்பரேட்டர் பிளாஸ்டிக்குக்கு வைத்திருந்த செட்டிங்கிலேயே ஓட்டினார். 'டக்' என்று சத்தம் வந்த பிறகும் மெஷின் நிற்கவில்லை. உருண்டை இறங்கிப் பல்லை நொறுக்கிவிட்டது. நியூட்டன் கணக்கு கிடைத்தது, எப்படி உடைந்தது என்பது போயே போய்விட்டது. பாரம் திடீரென்று விழுந்ததும் தானாக நிற்கும்படி வைக்கச் சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான் ஓட்டுறோம்" என்றார். நான் நகரவில்லை. கடைசியில் லேப் பொறுப்பாளரே வந்து மாற்றிக் கொடுத்தார். நொறுங்கியவற்றுக்குப் பதிலாகப் போட உபரிப் பற்கள் அடைத்துக் கொண்டுபோயிருந்தேன், நீங்களும் கொண்டுபோங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. நோயாளிக்கு வேண்டியது நியூட்டன் அல்ல. கஸ்ப் மட்டும் ஈறுக்கு மேலே உடைந்தால் அந்தப் பல்லைத் திரும்பக் கட்டலாம். வேர் வரை பிளந்தால் எடுக்க வேண்டியதுதான். ஆர்.சி.டி. முடித்து கேப் (பல்லை மூடும் உறை) போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அக்விலினோ, கேப்லன் 2002-ல் எழுதினார்கள். வலி போய்விட்டது, கேப் அப்புறம் பார்க்கலாம் என்று போனவர் இரண்டாகப் பிளந்த பல்லோடு திரும்பி வருவதை எங்கள் ஓ.பி.யில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆய்வில் அந்தப் பிளவைப் பதிவு செய்யாமல் விட்டால் பல்லை உடைத்ததற்கே அர்த்தமில்லை. எனக்குப் பாரத்தில் பெரிய வித்தியாசம் காட்டாத இரண்டு குரூப்கள், உடைந்த விதத்தில் தெளிவாகப் பிரிந்தன.

ரிப்போர்ட்டில் கிலோகிராம் ஃபோர்ஸ் என்று அடித்துக் கொடுத்தார்கள். 9.81-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், ஆனால் சீல் போட்ட தாளிலேயே நியூட்டனில் கேட்டு வாங்குவது நல்லது. பென் டிரைவை அனுமதிக்கவில்லை, பாரத்தின் வரைபடம் உள்ள கர்வ் ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே வெளியே வந்தேன். ஒவ்வொரு பல்லும் உடைந்தவுடன் எண்ணோடு போட்டோ எடுத்து, துண்டுகளை ஜிப் கவரில் போட்டு, அதன் மேலும் எண் எழுதுங்கள். வைவா முடிந்து ரிசல்ட் வரும்வரை அந்தக் கவர்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், சுத்தம் செய்கிறவர்களிடம் கட்டாயமாக.