தோளில் ஒரு குட்டி

இன்று காலை, சாலையைக் கடந்துகொண்டிருந்த செம்மறி மந்தைக்காக வண்டியை நிறுத்தினேன்.

கடைசியாக வந்த பெரியவரின் தோளில், தொப்புள்கொடி இன்னும் காயாத குட்டி ஒன்று கிடந்தது. தாயாடு நான்கடிக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, தொங்கிய அதன் காலை முகர்ந்தபடியே வந்தது. அதற்காகவே அவரும் நடையைத் தளர்த்திக்கொண்டார்.

பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

இப்படி மந்தையோடு நடக்கும் மேய்ப்பர்கள் போக்கிடம் இல்லாமல் அலைவதாகப் பலர் நினைக்கிறார்கள். மழை ஓரிடத்தில் பெய்து மற்றோரிடத்தில் பொய்க்கும் வறண்ட நிலங்களில், புல் இருக்கும் இடத்துக்கு மந்தையை நடத்திச் செல்வதும் வேளாண்மைதான். மீண்டும் மீண்டும் கடிபட்ட புல் வேர் தளர்ந்து பட்டுப்போகும். மந்தை நகர்ந்துவிட்டால் அது மறுபடி தழைக்க அவகாசம் கிடைக்கிறது, விழுந்த புழுக்கையும் மண்ணுக்கு எருவாகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தினருக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது, வேலிகளாலும் கட்டடங்களாலும் அடைபடாமல் மந்தை நடந்துபோக ஒரு பாதை.

சாலையைத் தாண்டியதும் அவர் குட்டியை மெதுவாக இறக்கிவிட்டார். அது தடுமாறி எழுந்து, நேராகத் தாயின் மடியைத் தேடிப் போனது.