ஆறு கை ஆக்டோபஸ்

குறைஞ்ச செலவில் எடுத்த பழைய ராட்சத மிருகப் படங்கள் மீது எனக்குத் தீராத பிரியம். 1955இல் வந்த ‘இட் கேம் ஃப்ரம் பினீத் த சீ’ படத்து ஆக்டோபஸைப் பாருங்கள். அதற்கு ஆறு கைதான்! பட்ஜெட் இடித்ததால் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ரே ஹாரிஹவுசன் இரண்டைக் குறைத்துவிட்டார். ஆக்டோபஸ் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடிக்க வேண்டும். கை குறைந்தால் வேலையும் குறையும். அப்படியும் அது சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து ஏறும்போது, பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

“சித்தப்பா, இது பொம்மைல்லா” என்கிறான் அண்ணன் மகன். ஆமாய்யா, பொம்மைதான். ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து தன் கையாலேயே உயிர் கொடுத்த பொம்மை. அதனால்தான் இவ்வளவு பிடிக்கிறது.

நெல்லைப் பக்கம் இந்தப் படங்களை ரசிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.