அவுட்போர்டு மோட்டார் நாட்குறிப்பு: கனெக்டிங் ராடு கோர்த்தல்

நவம்பர் 11, கடலூர் முதுநகர்

வாடைக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் ஃபைபர் படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. மேசையில் மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்). பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பது கனெக்டிங் ராடு. கிராங்க்கைச் சுற்றிப் பிடிக்கும் அதன் வளையத்தின் ஒரு பாதிதான் கேப். இது கேப் தனியாகக் கழலும் வகை. சின்ன மோட்டார் பலவற்றில் ராடு ஒரே துண்டாக இருக்கும். கிராங்க்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்தால்தான் கழலும். அது வேறு வேலை.

போல்ட்டைத் தொடும் முன் ஒவ்வொரு ராடிலும் கேப்பிலும் சிலிண்டர் எண், ஃப்ளைவீல் பக்கம் எது என்று பெயின்ட் பேனாவால் குறிக்க வேண்டும். சென்டர் பஞ்ச் வேண்டவே வேண்டாம். இந்த ராடில் தனி பேரிங் ஷெல் கிடையாது, நீடில்கள் (ஊசி போன்ற சின்ன உருளைகள்) ராடின் உள்முகத்திலேயே ஓடுகின்றன. வெளியே அடித்த குத்து உள்ளே மேடாக எழும். நீடில்களையும் அவற்றைப் பிடிக்கும் கேஜையும் எண் போட்ட தனித்தனி டப்பாவில் வைத்தாயிற்று.

நவம்பர் 12

கழுவித் துடைத்துப் பார்த்தாயிற்று. முதல் ராடு சுத்தம். நடுச் சிலிண்டரின் கிராங்க் பின்னில் (ராடின் வளையம் சுற்றிப் பிடிக்கும் உருளை) துரு: தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டில் கசிவுத் தடமும் இருக்கிறது. மூன்றாவது ராடின் பிக் எண்ட் (கிராங்க்கைப் பிடிக்கும் பெரிய முனை) நீலம் பூத்திருக்கிறது. ஆயில் போதாமல் சூடேறியதன் அடையாளம் அது. நீலம் பாய்ந்த ராடு எவ்வளவு பளபளத்தாலும் திரும்பப் போடக் கூடாது, கடினம் போயிருக்கும்.

பின்னில் இருப்பது வெறும் கறையா, குழியா என்று நகத்தை ஓட்டினால் தெரிந்துவிடும். கறையென்றால் மிக நைசான பாலிஷ் துணியை ஆயிலில் நனைத்துச் சுற்றுவாக்கில் தேய்த்தால் போகும். நகம் மாட்டினால் கிராங்க்கையே மாற்ற வேண்டும். இதில் நகம் மாட்டவில்லை. சாதா எமரி போட்டால் பின் வட்டம் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் உடனே ஆயில் பூச்சு. இந்த ஈரத்தில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டாலே பழுப்பேறும்.

நவம்பர் 14

புது ராடு, நீடில் செட், போல்ட்டுகள் வந்தன. பழைய போல்ட் இழுபட்டிருக்கும், அதை மறுபடி முறுக்கக் கூடாது.

ராடையும் கேப்பையும் ஒரே துண்டாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த ஓட்டைச் சேர்ப்பதுபோல அந்தச் சொரசொரப்பு அதே ஜோடியோடு, அதே திசையில் மட்டுமே பொருந்தும். கேப்பைத் திருப்பிப் போட்டாலோ அடுத்த ராடுக்கு மாற்றினாலோ உட்காராது. உடைவு முகத்தில் தூசி, நூல் இருக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது.

நீடில்களை நிறுத்தி வைக்க வாஸ்லின் போதும், பெட்ரோல்-ஆயில் கலவையில் கரைந்துவிடும். கெட்டியான சேசிஸ் கிரீஸ் கரையாமல் நிற்கும்.

போல்ட் மரையிலும் தலைக்கு அடியிலும் துளி ஆயில், பிறகு விரலால் மட்டும் இறுக்கம். இப்போது கூர் பென்சில் முனையை இணைப்பின் மேல் ராடிலிருந்து கேப்புக்கு, பிறகு கேப்பிலிருந்து ராடுக்கு, நான்கு மூலையிலும் இழுக்க வேண்டும். எங்கும் படி (ஏற்ற இறக்கம்) தட்டக் கூடாது. தட்டினால் லேசாக அசைத்து உட்கார வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் படியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நீடில் மோதும். முகம் செதில் செதிலாகப் பெயரும், பேரிங் இறுகும், ராடு முறிந்து பிளாக்கைத் துளைக்கும்.

சரியானதும் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, மோட்டாரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் கட்டங்களில் இறுக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் மறுபடி ஓட வேண்டும். அலகைக் கவனிக்க வேண்டும்: 30 பவுண்டு-அடி என்பது சுமார் 41 நியூட்டன் மீட்டர். 30 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினால் போல்ட் தளரும்.

நவம்பர் 15

ஒவ்வொரு ராடும் முடிந்ததும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தாயிற்று. பிஸ்டன் ரிங்கின் வழவழப்பான இழுவை மட்டும் இருக்கிறது, எங்கும் கடுக்கவில்லை. மூன்றாவதில் முதலில் ஒரு கடுப்பு தெரிந்தது. கேப்பைக் கழற்றிப் பார்த்தால் உடைவு முகத்தில் துணி நூல்.

நவம்பர் 17

தொட்டியில் ஓட்டம். 50:1 கலவை கேட்கும் மோட்டார் இது, புதுப் பாகங்கள் பழகும் வரை 25:1: 25 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் டூ-ஸ்ட்ரோக் மரைன் ஆயில். முழு த்ராட்டில் வேண்டாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்கள், அணைப்பதற்கு முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். எரியாத மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பின்னில் துரு பிடிக்க அதுவே போதும்.